சேலம் உருக்கும் மறைந்த தொழிலறிவும்

சேலம் நகருக்கு மேற்கே கஞ்சமலை நிற்கின்றது. அதன் அடிவாரத்தில் உள்ள உருக்காலைக்கு 1970 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1980களின் தொடக்கத்தில் அங்கே கறையுறா எஃகுத் தகடு உருட்டும் பணி தொடங்கிற்று. ஆயினும் அவ்வாலை கஞ்சமலையின் தாதுவை உருக்கி வாழ்வதன்று. மலை தன் இரும்பைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டு நிற்க, அதன் நிழலில் வேற்று நாட்டு முறையால், வேற்றிடத்துப் பொருளால் எஃகு ஆகின்றது. இதே நிலப்பகுதியில், ஏறத்தாழ இருநூறாண்டுகட்கு முன், ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலைகளில் இம்மலைத்தாதுவை உருக்கி, ஐரோப்பிய அறிஞர் வியந்து ஆராய்ந்த உருக்கினை ஊர்த்தொழிலாளர் செய்துவந்தனர். அவ்வறிவு எவ்வாறு மறைந்தது? மறைந்தது எது? இவ்விரு வினாக்களிலும் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். அவ்வழக்கினை எடுத்துரைத்து, அதில் தமிழ் ஆராய்ச்சியாளர்க்குரிய பங்கு யாதெனக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. எஃகு என்பது மிகப் பழைய சொல். ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் எடுத்தாளும் சொற்களுள் அதுவும் ஒன்று. திருக்குறளில் அது படைக்கருவி என்னும் பொருளில் 759 ஆம் குறளிலும், கூர்மை என்னும் பொருளில் 773 ஆம் குறளிலும் வருகின்றது. சங்கச் செய்யுட்களில் வேலையும் பிற படைகளையும் குறிக்க எஃகு, எஃகம் என்பன பயில்கின்றன. ஆகவே பொருளின் பெயரினும் பொருளின் பண்பே அச்சொல்லில் முந்தி நிற்கின்றது எனலாம். உருக்கு என்பதோ வேறு வழியில் பிறந்தது. உருகு என்னும் தன்வினைக்குப் பிறவினையாய் நின்று, உருக்கப்பட்ட பொருளுக்குத் தொழிலாகு பெயராயிற்று. கூர்மையைக் கண்டவன் இட்ட பெயர் எஃகு. உலையில் நின்றவன் இட்ட பெயர் உருக்கு. இவ்வேறுபாடு சிறிதன்று. இரும்பு வேறு, உருக்கு வேறு, பின்னது உருகி நீராய் ஆகிப் பிறப்பது என்னும் தொழிலறிவு அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. ஐரோப்பாவில் பெஞ்சமின் அண்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கக் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். அதற்கு முன் அந்நாட்டார் எஃகை உருக்காமல், இரும்பைக் கரியில் பல நாள் புதைத்துச் சுட்டே பெற்றுவந்தனர்.

ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு 'ஊட்சு' என்று பெயர் வழங்கிற்று. பம்பாயிலிருந்து எலனசு இசுகாட்டு என்னும் மருத்துவர் 1794 இல் இலண்டனுக்குச் சில கட்டிகளை அனுப்பினார். சார்சு பியர்சன் அவற்றை ஆராய்ந்து 1795 இல் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். அக்கட்டுரை வழியே அச்சொல் பரவிற்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் உக்கு என்பதை எழுதுவோர் பிழைபட எழுதியதன் விளைவே அது என்று யூல், பர்னல் என்போர் தம் அகராதியில் (1886) கருதினர். தமிழ் உருக்கோடு உக்கினை உறவுபடுத்துவோர் உளர், அது ஏற்கத்தக்கதே. ஆயினும் 'ஊட்சு' நேரே தமிழினின்று சென்றது எனச் சாதிப்பதற்குச் சான்று போதாது.

இனித் தொழில்முறை. இதனைப் பற்றிய நல்ல சான்று சோசையா மார்சல் ஈத்து என்னும் ஆங்கிலேயர் 1839 இல் அரச ஆசியக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையாகும். அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராய்ச் சென்னை மாகாணத்தில் இருந்தவர். சேலத்து உலைகளை நேரிற் கண்டவர். அவர் கூறுவதன் சுருக்கம் வருமாறு.

தாது காந்தக் கல்லாகும். அது வெண்கல்லோடு படையடுக்காய்க் கலந்து கிடப்பது. அதனை இடித்து, புடைத்தோ நீரில் அரித்தோ வெண்கல்லை நீக்குவர். உலை களிமண்ணால் ஆனது. மூன்று முதல் ஐந்தடி உயரம், அடியில் ஏறத்தாழ இரண்டடி அகலம், மேலே ஓரடியாய்க் குறுகுவது. இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள் மாறி மாறி ஊதும்; ஆதலின் காற்று இடையறாது. துருத்தியின் மூக்கு மூங்கில். நெருப்பை அணுகும் நுனி களிமண். கரியும் தாதுவும் மாறி மாறி இட்டு, மூன்று நான்கு மணி நேரம் ஊதியபின் உலையின் முன்பக்கத்தை உடைத்து இரும்புக் கட்டியை வெளியே இழுப்பர். அக்கட்டி உருகி வார்ந்ததன்று. தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். அக்களிமண் உலை அதனை எட்டாது. உருகுவது கிட்டமே; இரும்பு கடற்பஞ்சுபோல் புழையுடைய திரளாய் நிற்கும். அதனை அடித்து அடித்துக் கிட்டத்தைப் பிழிந்தெடுப்பர். தூய காந்தக் கல்லில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு இரும்பு உண்டு. அவ்வுலைகளில் கிடைத்ததோ அதில் மிகச் சிறிய பங்கே. எஞ்சியதெல்லாம் கிட்டத்தோடு போயிற்று. சேலம், நாமக்கல் பகுதிகளில் சிட்டக்கல் என்று மக்கள் வழங்கும் கரிய கற்கள் அவ்விழப்பின் எச்சமே.

இவ்வாறு பெற்றது மெல்லிரும்பு. உருக்கு இதன்பின் ஆவது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, நெற்கருக்குமி கலந்த களிமண் மூசையில் ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையளவாய் இடுவர். அதனோடு ஆவாரைக் கட்டை, எடையிற் பத்தில் ஒரு பங்கு, நறுக்கிச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டு மூடி, மூசையின் வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைப்பர். இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் அடிப்பக்கம் கூம்பிய உருக்குக் கட்டி கிடைக்கும். பின்னர் அக்கட்டிகளை, உருகாத வெப்பத்தில், காற்றோட்டத்தில் சில மணி நேரம் காய்ச்சி, மிகுந்த கரிமத்தை ஓரளவு நீக்கியே சம்மட்டிக்குக் கொண்டுவருவர்.

இதன் நுட்பத்தைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். ஆவாரைக் கட்டை மூடிய மூசைக்குள் கரியாகி இரும்பினுள் ஏறுகின்றது. இலையினின்று எழும் ஆவி மூசைக்குள் இருக்கும் காற்றின் உயிர்வளியைத் தின்றுவிடுகின்றது. இரும்பு மீண்டும் துருவாகாது. கரிமம் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரிமம் ஏறிவிட்டால், தூய இரும்பு உருகாத வெப்பத்தில் அது உருகிவிடும். களிமண்ணில் கருக்குமி சேர்ப்பது வீண்பழக்கம் அன்று. குமியில் உள்ள மணற்சத்தும் கரியும் களியை அவ்வெப்பத்திலும் குழையாது நிறுத்துகின்றன. நெல் விளையும் நாட்டில் குமிக்கு விலையில்லை. சேலத்துப் புன்செய்க் காட்டில் ஆவாரைக்கும் எருக்குக்கும் விலையே இல்லை.

ஈத்து இம்முறையில் கண்ட வியப்பு ஒன்றுண்டு. இரும்பை நேரே கரிமத்தோடு சேர்த்து உருக்கும் முறைக்கு டேவிடு மசட்டு என்பார் 1800 இல் காப்புரிமை பெற்றார். கரிமம் ஏந்திய ஆவியால் இரும்பை எஃகாக்கும் முறைக்கு சார்லசு மக்கிண்டாசு 1825 இல் பெற்றார். கட்டையும் இலையும் இட்டு அடைத்த சேலத்து மூசையில் இவ்விரு நெறிகளும் ஒருங்கே அமைந்துள்ளன என்பது ஈத்தின் கருத்து. அப்படியாயின் அத்தொழிலாளர் இந்நெறிகளை அறிந்திருந்தனரா? வழக்கு இங்கே தொடங்குகின்றது.

ஒரு சாரார், அவர்கள் அறிந்தது செய்முறை மட்டுமே. காரணம் அறியாத கைப்பழக்கத்தை அறிவியல் என்றல் தகாது என்பர். மற்றொரு சாரார், இத்தனை நுட்பம் தற்செயலாய் அமையாது. காரணம் கூறும் நூல்கள் இருந்து அழிந்தன என்பர். முன்னவர் கூற்று கைத்தொழிலாளரைத் தாழ்த்துகின்றது. பின்னவர் கூற்று சான்றில்லாத நூல்களைப் படைக்கின்றது. இரண்டும் உண்மைக்குப் புறம்பு என்பது என் துணிபு. ஈத்தின் குறிப்பிலேயே இதற்கு விடை உளது. எருக்கிலை கிடைக்காதபோது வேறொரு கொடியின் இலையை இட்டனர் என்று அவர் எழுதுகின்றார். இலை எதுவாயினும் ஆகும், இலை என ஒன்று வேண்டும் என்று தெரிந்திருந்தவன் வெறும் சடங்கினைச் செய்தவன் அல்லன். எது மாறலாம், எது மாறலாகாது என்று பகுத்தறிதல் அறிவே. அவ்வறிவு உயிர்வளி, கரிமம் என்னும் சொற்களால் இயங்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆனால் அவ்வறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. ஐரோப்பாவில் மைக்கேல் பாரடே 1819 முதல் இவ்வுருக்கினை ஆராய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என்று முதலில் கருதினார், அது பிழை. பாரிசில் பிரேயான், 1820களில், மிகுந்த கரிமமே காரணம் என்றார். உரசியாவில் அனோசொவு 1841 இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். ஐரோப்பியக் கொல்லர் இந்திய உருக்குக் கட்டியைத் தம் மெல்லிரும்பைக் காய்ச்சுவதுபோல் வெண்சூட்டில் காய்ச்சி அடித்தபோது அது பொரிந்து உதிர்ந்தது. கரிமம் மிகுந்த எஃகினைச் செஞ்சூட்டிலேயே, பொறுமையாய், பலமுறை அடித்தல் வேண்டும். பொருள் கப்பலேறியும் கைப்பழக்கம் உடன் செல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கு மற்றொரு வடிவம் கொண்டது. வாட்சுவர்த்து, செர்பி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1980 முதல், மிகு கரிம எஃகின் இயல்பாலும் அதனை அடிக்கும் முறையாலும் தமசுகு வாளின் வரியழகினை விளக்கினர். வெர்கோவன் என்னும் உலோகவியலாரும் பெண்டிரே என்னும் கொல்லரும் அதனை மறுத்தனர். வாளின்மேல் தோன்றும் நீரலை வரிகள், எஃகில் மிகமிகச் சிறிய அளவில் கலந்துள்ள வனேடியம் போன்ற தனிமங்களால் ஆவன என்று 1998 இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அத்தனிமம் இல்லையாயின், எத்துணைத் திறமையோடு அடித்தாலும் வரி எழாது. இக்கொள்கை மெய்யாயின் அதன் விளைவு பெரிது. தாது எடுக்கும் குழி மாறிய அன்றே, கொல்லன் யாதொன்றையும் மறவாதிருக்கவும், அவன் அறிவு பயனற்றுப் போயிருக்கும். பழைய முறையையே செய்கின்றான். பழைய பயன் விளையவில்லை. மகனுக்குக் கற்பிக்க ஒன்றும் எஞ்சவில்லை. மறதியின்றியே ஓரறிவு மறையக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை யான் கண்டிலேன்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமசுகு வாட்கள் யாவும் சேலத்து உருக்கால் ஆயின என்று மேடைகளில் கூறுவர். பாரசீக வணிகர் வந்து உருக்கு வாங்கிச் சென்றமைக்கு வாய்சி என்பார் எழுதி 1832 இல் வெளிவந்த நேர்ச்சான்று தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரத்தைப் பற்றியதாகும். அங்கே வழங்கிய முறையும் வேறு. இருவகை இரும்பைச் சேர்த்து உருக்குவது அது. தமிழ்நாட்டிலும் மைசூரிலும் வழங்கியதே கட்டையும் இலையும் இடும் முறை. தமிழ்நாட்டு உருக்கின் பழமைக்கு வேறு சான்றுகள் உள்ளன. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வில் இரும்புலைகளும் மூசையுலையும் வெளிப்பட்டன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, அவற்றில் மிகுகரிம உருக்கு ஆக்கப்பட்டதை 1990களில் நிறுவினார். மேட்டூரை அடுத்த மாங்காட்டுப் புதைகுழியிற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதி எனக் கணிக்கப்பட்டுள்ளது. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாய் இருந்த மயிலாடும்பாறையின் இரும்புக் காலம் கி.மு. 2172 என 2022 இல் அறிவிக்கப்பட்டது. இவை இரும்பின் தொன்மையைக் காட்டுவன. உருக்கின் தொன்மையை அல்ல. இரண்டையும் ஒன்றாக்குதல், நம் முன்னோர் இரு சொல்லால் பிரித்து வைத்ததனை நாம் குழப்புவதாகும்.

தொழில் நலிந்த காரணத்தைப் பற்றியும் வழக்குண்டு. ஈத்து பரங்கிப்பேட்டையில் 1830 அளவில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை தொடங்கினார். அம்முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் பெற்றார். சேலத்துத் தாதுவே அதற்கு அடிப்படை. சேலத்துப் பூலாம்பட்டியிலும் பின்னர் ஓர் ஆலை எழுந்தது. இக்கும்பினி பலமுறை பொருளிழந்து, 1860களில் ஒடுங்கிற்று. ஈத்து இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839 இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு ஆலைக்காரர் அம்முறையால் பெரும்பொருள் ஈட்டினர். அவரோ வழக்காடி வறுமையுற்று 1851 இல் இறந்தார். அவர் சேலத்து மறையைத் திருடிச் சென்றார் என்பாரும் உளர். அவர் எழுதிய சேலத்து மூசைக் கலவையில் மாங்கனீசு இல்லை. ஆகவே அக்குற்றச்சாட்டு நில்லாது. அவர்மேல் சொல்லத்தக்கது வேறொன்று: சேலத்து முறையின் நுட்பத்தை அச்சில் புகழ்ந்தவர், அதனைத் திருத்தி வளர்க்க முயலாமல், அதனிடத்தில் ஐரோப்பிய உலையைக் கொண்டுவந்து வைத்தார்.

1856 இல் பெசமர் முறை தோன்றிற்று. எஃகின் விலை வீழ்ந்தது. சென்னையிலிருந்து சேலம் வழியே மேல்கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862 அளவில் முடிந்தபின், அவ்விலை மலிந்த எஃகு இவ்வூர்ச் சந்தைக்கே வந்தது. 1882 இல் சென்னை வனச்சட்டம் கரிக்கு வேண்டிய காட்டினை மூடிற்று. இவற்றுள் எது தலையாயது? சட்டமே கொன்றது என்பாரும் விலையே கொன்றது என்பாரும் உளர். கரி கிடைத்திருப்பினும் விலையில் நின்றிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆனால் விலையில் தோற்ற தொழில் மெல்லத் தேய்ந்து தன் பிள்ளைகளுக்கு ஏதேனும் விட்டுச் செல்லும். கரி அற்ற தொழில் ஒரே தலைமுறையில் அணைந்துவிடும். ஆலந்து என்னும் நிலநூலார் 1892 இல் சேலம் மாவட்டத்து இரும்புத் தொழிலைப் பற்றி முன்னறிக்கை எழுதியபோது அது முற்றும் அழியவில்லை. அழிவின் விளிம்பில் நின்றது.

அறிவு மறைவதும் மீள்வதும் எவ்வாறு என்பதற்கு முற்றும் வேறான ஒரு துறையினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். பிசுட்டன் எஞ்சின் பூட்டிய பெரிய வானூர்திகள் கடல் கடந்து பறந்த காலத்தில் (ஏர் இந்தியா நிறுவனம் 1954 முதல் பறக்கவிட்ட சூப்பர் கான்சுடலேசன் அவ்வகையது) எஞ்சினைக் காப்பதற்கென்றே தனியொரு பொறியாளர் ஊர்தியில் அமர்ந்திருப்பார். பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள கலப்பு விகிதத்தை அவர் கருவிகளைப் பார்த்துக் குறைப்பார். பெட்ரோலைக் குறைக்கக் குறைக்கப் புகைப்போக்கியின் வெப்பம் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்து, பின் இறங்கும். அவ்வுச்சத்தைக் கடந்த வறிய கலப்பில் ஓட்டினால் எரிபொருளும் மிஞ்சும். எஞ்சினும் குளிர்ந்து நிற்கும். 1960 இல் ஏர் இந்தியாவிற்குப் போயிங் 707 வந்தது. உலகெங்கும் பெருவழிகளில் பிசுட்டன் எஞ்சின் ஒழிந்தது. அப்பொறியாளர் மரபும் ஒழிந்தது. சிறிய ஊர்திகளை ஓட்டியோர், வறிய கலப்பு எஞ்சினை எரித்துவிடும் என்றே கற்றனர், கற்பித்தனர். 1990களில் அமெரிக்காவில் இது பெரும்பூசலாயிற்று. பழைய கையேடுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், ஒரு தலைமுறைக்கு முன் நாள்தோறும் நடந்ததையே நடவாதென்று வாதிட்டு வந்தமை தெரிந்தது. சிறிய எஞ்சின்களில் ஒவ்வோர் உருளைக்கும் பெட்ரோல் ஒரே அளவாய்ச் செல்லாமையே குறை; அதற்கேற்பப் பீச்சுகுழல்களை ஒத்துச் செய்தபின் அக்குறை நீங்கிற்று.

இவ்விரு வரலாற்றுக்கும் உள்ள ஒற்றுமை, மேலான தொழில் ஒன்று வந்தவுடன் பழைய தொழிலோடு அதன் அறிவும் கைவிடப்பட்டமை. வேற்றுமையோ கூர்ந்து நோக்கத்தக்கது. வானூர்தி எஞ்சினின் அறிவு கையேட்டில் உறங்கிற்று. முப்பதாண்டில் எழுப்ப முடிந்தது. சேலத்து உருக்கின் அறிவு கையிலும் கண்ணிலும் செவியிலும் வாழ்ந்தது. உலையின் நிறம் கண்டு வெப்பம் அறிந்தவன் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தான். மூசையைக் குலுக்கி உள்ளே உருகியதா என்று கேட்டவனுக்கும் ஒரு சொல் இருந்திருக்கும். அச்சொற்கள் எங்கே?

நம் இலக்கியம் கொல்லனை மறக்கவில்லை. பொன்முடியார் வேல் வடித்தலைக் கொல்லனுக்குரிய கடனாகப் புறநானூற்றில் வைத்தார். துருத்தியும் உலையும் சங்கப் புலவரின் உவமைகளாய்ப் பல்கி நிற்கின்றன. ஆனால் புலவர் கண்டது ஊர்க்கொல்லன் பட்டறையே. காட்டோரத்தில் தாதுவை உருக்கியவனை அவர்கள் காணவில்லை. அல்லது கண்டும் பாடவில்லை. சித்த மருத்துவ நூல்கள் இரும்பைச் செந்தூரமாக்கும் முறையை விரித்துரைக்கும். உருக்கு ஆக்குவது அவற்றின் நோக்கமன்று. ஆதலின் நமக்கு எஞ்சியது ஈத்தைப் போன்றோரின் ஆங்கிலக் குறிப்பே. அவர் அம்மரத்தையும் இலையையும் இலத்தீன் பெயரால் எழுதினார். ஆவாரை என்று தொழிலாளன் தமிழில் சொன்னது இலத்தீனாகி, இன்று நம்மால் மீண்டும் ஆவாரையாகின்றது. செடிக்குப் பெயர் மீள்கின்றது. ஏனெனில் செடி இன்னும் வயலோரத்தில் உண்டு. உலையின் உறுப்புக்களுக்கு அவ்வாறு மீட்க ஒன்றும் இல்லை.

மீட்டெடுத்தல் இயலாததன்று என்பதற்கு இலங்கை சான்று. ஆங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசாமி, தொழிலை அறிந்த முதியோர் இன்னும் இருக்கும்போதே, இரும்பும் உருக்கும் ஆக்கிக்காட்டச் செய்து குறிப்பெடுத்தார். 1908 இல் வெளிவந்த அவர் நூலில் அது உளது. பின்னர்ச் சமனலவெவைப் பகுதியில் கில் சூலெப்பு என்பார், துருத்தியின்றிப் பருவக்காற்றாலேயே இயங்கிய மலைச்சரிவு உலைகளைக் கண்டறிந்து, அவ்வகை உலையைக் கட்டி இரும்பு உருக்கியும் பார்த்து, 1996 இல் முடிவுகளை வெளியிட்டார். சேலத்தில் குமாரசாமியின் வேலையைச் செய்யவேண்டிய காலத்தில் எவரும் செய்யவில்லை. சூலெப்பின் வேலைக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

அவ்வேலைக்கு உலோகவியலார் தாதுவையும் கிட்டத்தையும் நோக்குவர். கிங்கு, பூட்டு என்போர் 1864 இல் சேலத்துத் தாதுப் படுகைகளைக் கோதுமலை, தலைமலை கொல்லிமலை, சிங்கபட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என ஐந்தாய் வகுத்துள்ளனர். வெர்கோவன் கொள்கை மெய்யா என்று அறிய, ஐந்து படுகைகளின் தாதுவிலும் உள்ள நுண்தனிமங்களை, ஊர்ச் சிட்டக்கல்லோடு ஒப்பிட்டால் ஒரு வழி பிறக்கும். தமிழ்த்துறையினர்க்கு உரியது வேறு. உருக்குத் தொழில் அற்றாலும் அதன் கடைக்கோடியில் நின்ற கொல்லன் பட்டறை அற்றுவிடவில்லை. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கொல்லர் இன்று லாரியின் பழைய வில்பட்டையை வெட்டி அரிவாள் அடிக்கின்றனர். அது ஆலையில் ஆன எஃகு. ஆயினும் அதனை எந்நிறத்தில் அடிப்பது, எந்நிறத்தில் தோய்ச்சல் இடுவது என்பதெல்லாம் பழைய கைமரபே. அந்நிறங்களுக்கும், துருத்தி உறுப்புக்களுக்கும், கிட்டத்தின் வகைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுக்கப் புகுவோர் முதலில் எழுபது வயது கடந்தவரை நாடுதல் வேண்டும். மின்விசிறி ஊதும் பட்டறையில் வளர்ந்த இளைஞர்க்குத் தோல்துருத்தியின் உறுப்புக்களே தெரியா.